மாஸ்டர் பிளான் என்றால் என்ன? மதுரையை வைத்து ஓர் அறிமுகம்

மதுரையைச் சுற்றி மனை வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "டிடிசிபி அப்ரூவல் இருக்கா?" என்றுதான். ஒத்தக்கடை, ஊமச்சிகுளம், சிலைமான், நாகமலை புதுக்கோட்டை, செக்கானூரணி என்று எந்தத் திசையில் போனாலும் வண்ணக்கொடி கட்டி, கல் ஊன்றி, முகப்பில் வளைவு வைத்த மனைப்பிரிவுகள் நிற்கின்றன. டிடிசிபி என்பது மனைப்பிரிவுகளுக்கு அனுமதி தரும் அரசுத் துறை. அதன் அப்ரூவல் இருந்தால் பத்திரம் பதிவாகும், வங்கிக் கடன் கிடைக்கும். அது தெரிந்ததும் நாம் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். ஒரு மாநகரம் எப்படி வளர வேண்டும் என்று முடிவெடுக்கும் பெரிய ஏற்பாட்டில், சாதாரணக் குடும்பத்தின் கண்ணில் படுவது அந்த ஒரு முத்திரை மட்டும்தான்.

அந்த முத்திரைக்கு முன்னும் பின்னும் நிறைய இருக்கிறது. இந்த இடத்தில் வீடு வரலாம், அந்த இடத்தில் வரக்கூடாது என்று யார் சொன்னது? ரோடு இத்தனை அடி என்பதை யார் குறித்தது? குழாய்த் தண்ணீர் எப்போது வரும், சாக்கடை எங்கே போய்ச் சேரும், மழை பெய்தால் வெள்ளம் எந்த வழியாக இறங்கும்? இதற்கெல்லாம் ஓர் ஊர் முன்கூட்டியே பதில் எழுதி வைத்துக்கொள்வதற்குப் பெயர் முழுமைத் திட்டம். பேச்சு வழக்கில் மாஸ்டர் பிளான்.

ஒரு சின்னக் கணக்கு

திட்டம் எதற்கு என்று புரிய ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நகருக்கு வெளியே வயலாக இருந்த நிலத்தில் ஆயிரம் மனை விற்றுப்போகிறது என்று வையுங்கள். எல்லாவற்றிலும் வீடு வந்து, வீட்டுக்கு நான்கு பேர் என்றால் நாலாயிரம் பேர். மாநகரங்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் என்பது அரசு பொறியாளர்கள் வைத்திருக்கும் அளவு. அப்படியானால் தினமும் 5 லட்சத்து 40 ஆயிரம் லிட்டர் வேண்டும். பயன்படுத்திய தண்ணீரில் ஏறக்குறைய 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பும் என்பதும் அவர்கள் கணக்கு. ஆக, 4 லட்சத்து 32 ஆயிரம் லிட்டர் கழிவுநீர் தினமும் எங்கோ போயாக வேண்டும்.

ஆயிரம் மனையையும் ஒரே ஆள் விற்றிருந்தால் இந்தக் கணக்கு யாராவது ஒருவர் மேசைக்கு வந்திருக்கும். நடைமுறையில் இருபது, முப்பது பேர் இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கராகப் பிரித்து விற்கிறார்கள். ஒவ்வொரு மனைப்பிரிவும் தனியாகப் பார்த்தால் சின்னது. போர் போட்டுக்கொள்ளலாம், கழிவுக்குத் தொட்டி கட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிடலாம். எல்லாம் சேர்ந்தபின் நிலத்தடி நீர் இறங்குகிறது, தொட்டித் தண்ணீர் பக்கத்துப் போருக்குள் கசிகிறது, தண்ணீர் லாரி வருகிறது. தனித்தனியாக யாரும் தப்புச் செய்யாமலே மொத்தமாக ஊர் கெட்டுப்போவது இப்படித்தான். மொத்தத்தையும் ஒரே தாளில் வைத்துப் பார்க்க ஓர் இடம் வேண்டும். முழுமைத் திட்டத்தின் வேலை அதுவே.

மதுரைக்கு இது புதிதல்ல

திட்டமிட்டு அமைந்த ஊர் என்று சொல்லிக்கொள்ள மதுரைக்கு முழுத் தகுதி உண்டு. கோயிலை நடுவில் வைத்து ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று வீதிகள் சதுரம் சதுரமாக விரிகின்றன. தேர் வரும் மாசி வீதிகளின் அகலத்தை இன்றைக்கும் நின்று பார்க்கலாம்.

நகர் வளர்ச்சி என்ற நோக்கில் பார்த்தால் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுவது அடுத்த கட்டம். 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், பிளாக்பர்ன் கலெக்டராக இருந்தபோது, கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தார்கள். சுவருக்குள் நெருக்கிக்கொண்டிருந்த ஊருக்கு இடம் கிடைத்தது. அங்கே வெளி வீதிகள் போடப்பட்டன. அளவை வேலை பார்த்த மாரட்டின் பெயரிலும், மேஸ்திரியாக இருந்த பெருமாளின் பெயரிலும் இன்றும் வீதிகள் இருக்கின்றன. ரோடு முதலில் வந்தது, கட்டடங்கள் அதற்குப் பிறகு வந்தன. இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நகரத் திட்டமிடலின் சாரமே அந்த வரிசைதான்.

பிறகு 1889-இல் ஏ.வி. பாலம் வந்தது, வைகைக்கு வடக்கே ஊர் கால் வைத்தது. 1915 வாக்கில் பேட்ரிக் கெட்டிஸ் என்ற ஸ்காட்லாந்து அறிஞர் சென்னை மாகாணத்து ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதினார். மதுரையும் அதில் ஒன்று. திட்டம் போடுவதற்கு முன் ஊரை நடந்து பார்த்து அளக்க வேண்டும், இடிப்பதைக் கூடுமானவரை குறைக்க வேண்டும் என்பது அவர் கருத்து. 1920-இல் சென்னை மாகாணத்துக்கு நகரமைப்புச் சட்டம் வந்தது. இன்று நம்மை ஆள்வது அதற்குப் பதிலாக வந்த தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971. டிடிசிபி என்று நாம் சொல்லும் நகர் ஊரமைப்பு இயக்ககம் இந்தச் சட்டப்படிதான் இயங்குகிறது.

திட்டத்துக்குள் என்ன இருக்கும்?

முழுமைத் திட்டம் என்பது ஒரு வரைபடமும் அதோடு சேர்ந்த விதிகளும். பொதுவாக இருபது ஆண்டுகளைக் கணக்கில் வைத்துப் போடுவார்கள். வரைபடத்தில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு நிறம் இருக்கும். குடியிருப்பு, வணிகம், தொழிற்சாலை, கல்வி மற்றும் பொது நிறுவனங்கள், விவசாயம், திறந்தவெளி என்று நிலம் பிரிக்கப்பட்டிருக்கும். விவசாயம் என்று குறித்த நிலத்தில் மனை போட வேண்டுமானால், முதலில் நில உபயோக மாற்றம் வாங்க வேண்டும்.

அடுத்தது, எவ்வளவு கட்டலாம் என்பது. இதற்குத் தளப் பரப்புக் குறியீடு என்று ஓர் அளவு உண்டு. பொறியாளர்கள் எஃப்.எஸ்.ஐ. என்பார்கள். மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு மொத்தத் தளம் கட்டலாம் என்பதே அது. 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் சாதாரணக் கட்டடங்களுக்கு இதை 2 என்று வைத்தன. ஐந்து சென்ட் மனை என்றால் 2,178 சதுர அடி. எல்லாத் தளங்களையும் சேர்த்து 4,356 சதுர அடி வரை கட்டலாம். முன்பு இது 1.5 ஆக இருந்தது. அரை மடங்கு கூடியது வீட்டுக்காரருக்கு லாபம். ஆனால் அதே தெருவில், அதே குழாயில், அதே சாக்கடையில் இன்னும் மூன்றில் ஒரு பங்கு ஆட்கள் சேருவார்கள் என்பதும் அதே எண்ணுக்குள் இருக்கிறது. குழாயை மாற்றாமல் எண்ணை மட்டும் மாற்றினால் சுமை தெருவின் மீது விழும்.

சில இடங்களுக்குத் தனி விதியும் உண்டு. மீனாட்சி அம்மன் கோயில் சுற்றுச்சுவரிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை 9 மீட்டருக்கு மேல் கட்டடம் எழும்பக் கூடாது. கோபுரம் ஊரின் தலைக்கு மேல் தெரிய வேண்டும் என்று நாம் சேர்ந்து எடுத்த முடிவு அது. விதியை மீறி உயர்ந்த கட்டடங்களும் அந்த வட்டத்துக்குள் உண்டு, அவை பற்றி வழக்குகளும் நடந்திருக்கின்றன. எழுதுவது ஒரு வேலை என்றால் காவல் காப்பது இன்னொரு வேலை.

மூன்றாவது, பொதுவுக்கு விட வேண்டிய இடம். மனைப்பிரிவு போடுகிறவர் ரோட்டு நிலத்தைத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். நிலம் பத்தாயிரம் சதுர மீட்டரைத் தாண்டினால், அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கருக்கு மேல் போனால், ரோடு நீங்கலாகப் பத்து சதவீதத்தைப் பூங்கா, விளையாட்டிடம் போன்றவற்றுக்காகக் கட்டாயம் ஒப்படைக்க வேண்டும். மூவாயிரத்திலிருந்து பத்தாயிரம் சதுர மீட்டர் வரை என்றால் இடத்துக்குப் பதில் பணமாகவும் கட்டலாம். மூவாயிரத்துக்குக் கீழே எதுவும் தேவையில்லை.

இந்த விதியில்தான் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. பன்னிரண்டு ஏக்கரை ஒரே மனைப்பிரிவாகப் போட்டால் ஒரு ஏக்கர் அளவுக்குப் பூங்கா நிலம் கிடைக்கும். அதையே இரண்டு இரண்டு ஏக்கராக ஆறு பேர் போட்டால் ஆறு பேரும் பணம் கட்டிவிட்டுப் போகலாம். பணம் கணக்கில் சேர்ந்திருக்கும், குழந்தைகள் ஓடியாட அந்தப் பக்கத்தில் ஒரு சென்ட்கூட மிச்சம் இருக்காது. அப்புறம் எவ்வளவு கோடி வைத்திருந்தாலும் நிலம் முளைக்காது.

எல்லை பின்னால் வருகிறது

மதுரை 1971-இல் மாநகராட்சி ஆனது. தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்தது இதுதான். சுமார் 52 சதுர கிலோமீட்டராக இருந்த எல்லை, 2011-இல் ஒரே தாவலில் சுமார் 148 சதுர கிலோமீட்டரானது. ஆனையூர், திருப்பரங்குன்றம், அவனியாபுரம் நகராட்சிகள், திருநகர், ஹார்விபட்டி, விளாங்குடி பேரூராட்சிகள், திருப்பாலை, கண்ணனேந்தல், வண்டியூர் போன்ற ஊராட்சிகள் எல்லாம் உள்ளே வந்தன. வார்டுகள் நூறாயின.

அந்த ஊர்களில் மக்கள் 2011-இல் குடியேறவில்லை. இருபது, முப்பது வருடமாகவே அங்கே வீடுகள் பெருகிக்கொண்டிருந்தன. மாநகராட்சி உள்ளே வாங்கிக்கொண்டபோது தெருக்கள் ஏற்கெனவே குறுகியிருந்தன. பாதாளச் சாக்கடைக் குழாய் பதிக்கத் தோண்டும்போதுதான் இரண்டு பக்கமும் வீட்டுப் படிகள் தெருவுக்குள் நீண்டிருப்பது பிரச்சினையாகிறது. வெறும் நிலத்தில் போட்டிருந்தால் ஆகியிருக்கும் செலவைவிடப் பல மடங்கு ஆகிறது, வருடக் கணக்கில் தெரு புழுதியாகக் கிடக்கிறது. வளர்ந்தபின் எல்லையை நீட்டுவதும் வளரும் முன் திட்டத்தை நீட்டுவதும் வேறு வேறு காரியங்கள். நாம் முதலாவதை மட்டும் செய்து பழகிவிட்டோம் என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் அழுத்திச் சொல்ல நினைப்பது.

சட்டத்தில் இதற்கு வழி இல்லாமல் இல்லை. மாநகராட்சி எல்லையும் திட்ட எல்லையும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமே கிடையாது. சுற்றுக் கிராமங்களையும் சேர்த்து உள்ளூர்த் திட்டப் பகுதி என்று அறிவிக்கலாம். அதைப் பார்த்துக்கொள்ள உள்ளூர்த் திட்டக் குழுமம் உண்டு. சென்னைக்கு இருக்கும் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) போல மதுரைக்கும் ஒரு நகர்ப்புற வளர்ச்சிக் குழுமம் என்று அரசு அறிவித்ததும் இந்த நோக்கத்தில்தான். அப்படி அமையும் குழுமத்திடம் திருமங்கலம், மேலூர்ச் சாலைகளின் இருபுறமும் இன்று வயலாகக் கிடக்கும் நிலத்தின் வரைபடம் இருக்க வேண்டும். அங்கே வீடு வந்தபிறகு வரைபடம் போட்டுப் பயனில்லை.

எல்லையும் எண்ணும் எவ்வளவு முக்கியம் என்பதற்கு மெட்ரோ ரயில் ஓர் உதாரணம். திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரை சுமார் 32 கிலோமீட்டருக்கு மதுரை மெட்ரோ திட்டமிடப்பட்டது. 2025 நவம்பரில் மத்திய அரசு அறிக்கையைத் திருப்பி அனுப்பியபோது, 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 20 லட்சத்தை எட்டவில்லை என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. பதினைந்து ஆண்டு பழைய எண்ணை வைத்து நாளைய ஊரின் போக்குவரத்தை முடிவுசெய்வது சரியா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. அதேசமயம், மதுரை என்றால் எதுவரை மதுரை என்பதை நாமே உறுதியாக வரைந்து வைத்திருக்கிறோமா என்பதும் நியாயமான கேள்விதான்.

யார் கையில் எது?

அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தது. நகரத் திட்டமிடல் உட்பட 18 பணிகளைப் பட்டியல் போட்டு, இவற்றை உள்ளாட்சிகளிடம் மாநில அரசுகள் ஒப்படைக்கலாம் என்றது. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் பெருநகரப் பகுதிகளுக்குப் பெருநகரத் திட்டக் குழு வேண்டும் என்றும் சொன்னது. நடைமுறையில் தமிழ்நாட்டில் திட்டம் போடும் அதிகாரம் பெரும்பகுதி மாநில அரசின் துறையிடமே இருக்கிறது. நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் கவுன்சிலரிடம் குப்பை, தெருவிளக்கு, சாக்கடை அடைப்பு பற்றிக் கேட்கலாம். வார்டுக்குள் எந்த வயல் எப்போது வணிகப் பகுதியாக மாறியது என்று கேட்டால் அவர் கையில் பதில் இருக்காது.

மற்ற வேலைகளும் பிரிந்துதான் கிடக்கின்றன. பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறையிடம். வைகையும் பெரிய கண்மாய்களும் நீர்வளத் துறையிடம். நூறு ஏக்கருக்குக் குறைவான ஆயக்கட்டு (பாசன நிலம்) உள்ள சிறிய கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியத்திடம். கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் குடிநீர் வடிகால் வாரியத்திடம். பட்டாவும் புறம்போக்கும் வருவாய்த் துறையிடம். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை லோயர் கேம்பிலிருந்து நாளொன்றுக்கு 12.5 கோடி லிட்டர் மதுரைக்குக் கொண்டுவரப் போட்ட திட்டத்தை எடுத்துக்கொண்டால், தேனி மாவட்டத்தின் கடைக்கோடியில் தொடங்கி நகரத்தின் ஒவ்வொரு தெருக் குழாய் வரை எத்தனை துறைகள் கைகோக்க வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். ஒருங்கிணைப்பு என்ற சொல்லை அரசு அறிக்கைகளில் படிக்கும்போது சலிப்பாக இருக்கும். தெருவைத் தோண்டி ரோடு போட்டு, மறுபடி தோண்டும்போதுதான் அதன் அருமை தெரியும்.

விளிம்பில் நின்று பார்த்தால்

நகரின் விளிம்பில் ஒரு மனைப்பிரிவுக்குப் போய் ரோடு முடியும் இடத்தில் நில்லுங்கள். பிரதான சாலையிலிருந்து முப்பது அடி ரோடு உள்ளே வருகிறது. அதிலிருந்து இருபத்து மூன்று அடி ரோடுகள் இரண்டு பக்கமும் பிரிகின்றன. கடைசி மனை தாண்டியதும் ரோடு நின்றுவிடும். எதிரே முள்வேலி, அல்லது பக்கத்து மனைப்பிரிவின் மதில். மதிலுக்கு அப்பாலும் ஒரு ரோடு இருக்கிறது, ஆனால் அது பதினைந்து அடி தள்ளி வந்து முடிந்திருக்கும். இரண்டையும் ஒரே கோட்டில் வைக்கச் சொல்ல ஒரு வரைபடம் இருந்திருந்தால் இங்கே ஒரு குறுக்குச் சாலை கிடைத்திருக்கும். இப்போது இந்தப் பக்கத்துப் பிள்ளை அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடம் போக, திரும்பிப் பிரதான சாலைக்கு வந்து, சுற்றிக்கொண்டு உள்ளே போக வேண்டும். இப்படி நூறு மனைப்பிரிவுகளின் வண்டிகளெல்லாம் ஒரே பிரதான சாலையில் வந்து விழுந்த பிறகு மேம்பாலம் கேட்கிறோம். தல்லாகுளத்திலிருந்து நத்தம் சாலையில் ஏழு கிலோமீட்டருக்கு மேல் நீளும் பறக்கும் பாலம் 2023-இல் திறக்கப்பட்டது. அது தேவைதான். ஆனால் உள்சாலைகள் ஒன்றோடொன்று சேர்ந்திருந்தால் எத்தனை வண்டிகள் பிரதான சாலைக்கே வராமல் போயிருக்கும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

பல ஆண்டுகள் கிராமங்களில் "பஞ்சாயத்து அப்ரூவல்" என்று சொல்லியே மனை விற்றார்கள். மனைப்பிரிவுக்குத் தொழில்நுட்ப அனுமதி தரும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்குக் கிடையாது. வாங்கியவர்களுக்கு அது தெரியாது. 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பதியத் தடை போட்ட பிறகுதான் விஷயம் வீட்டுக்கு வீடு பேசப்பட்டது. 2017-இல் வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற மனைகளைக் கட்டணம் கட்டி ஒழுங்குபடுத்திக்கொள்ளலாம் என்றார்கள். சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கியவர்களைக் காப்பாற்ற அது வேண்டியிருந்தது. ஆனால் வரன்முறை என்பது தாளைத்தான் சரிசெய்யும். பதினாறு அடித் தெரு பதினாறு அடியாகவே இருக்கும்.

தண்ணீர் போகும் வழி

மதுரை மாதிரியான ஊருக்கு எல்லாவற்றையும்விட முக்கியமான வரைபடம் கண்மாய்களின் வரைபடம்தான். இங்கே கண்மாய் தனியாக இருப்பதில்லை. மேலே இருக்கும் கண்மாய் நிறைந்தால், மிகுந்த தண்ணீர் கரையில் அதற்கென்று கட்டிய கலுங்கு வழியாக வெளியேறும். அதை மறுகால் பாய்வது என்பார்கள். அந்தத் தண்ணீர் வாய்க்காலில் இறங்கி அடுத்த கண்மாயை நிறைக்கும். அலங்காநல்லூர், பாலமேடு பக்கமிருந்து வடக்குப் புறத்துக் கண்மாய்களுக்கு இப்படித்தான் தண்ணீர் இறங்கி வருகிறது. தெற்கே மாடக்குளம், கிருதுமால் என்று இன்னொரு தொடர். கிருதுமால் ஒரு காலத்தில் ஆறு. நகருக்குள் இன்று அதைப் பார்க்கிறவர்கள் சாக்கடை என்றுதான் நினைப்பார்கள்.

ஒரு கண்மாயில் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்: தண்ணீர் வரும் வரத்துக்கால், நிற்கும் உள்வாய், வெளியேறும் கலுங்கும் மறுகாலும். நாம் பாதுகாக்கிறோம் என்று சொல்லும்போது பெரும்பாலும் நடுவில் இருப்பதை மட்டும் வேலி போட்டுக் கரையில் நடைபாதை அமைக்கிறோம். வரத்துக்கால் அடைபட்டால் கண்மாய் காயும். மறுகால் அடைபட்டால் ஊர் மூழ்கும். 2024 அக்டோபர் கனமழையில் செல்லூர் பகுதித் தெருக்களில் தண்ணீர் ஏறியதை எல்லோரும் பார்த்தோம். செல்லூர் கண்மாயிலிருந்து வைகைக்குப் போகும் பந்தல்குடி வாய்க்காலால் அந்த அளவுத் தண்ணீரைத் தாங்க முடியவில்லை.

கண்மாய் இருந்த இடங்களில் அரசு அலுவலகங்களே எழுந்திருக்கின்றன. 2004-இல் திறந்த உயர்நீதிமன்றக் கிளை இருப்பது உலகனேரி கண்மாய்ப் பகுதியில். நகரம் விரியும்போது பெரிய அளவில் காலியாகவும் அரசுக்குச் சொந்தமாகவும் கிடைத்த நிலம் கண்மாய்தான் என்பதால் இப்படி ஆனது. பேருந்து நிலையத்துக்கும் அலுவலகத்துக்கும் வேண்டிய நிலத்தை முன்பே வேறிடத்தில் குறித்து வைத்திருந்தால் கண்மாயின் மேல் கண் போயிருக்காது.

இன்னொரு நுணுக்கம் உண்டு. பெரிய வாய்க்கால் நீர்நிலைப் புறம்போக்கு என்று வருவாய்த்துறை ஆவணத்தில் தனி சர்வே எண்ணோடு இருக்கும். அதை யாரும் எளிதில் பத்திரம் போட முடியாது. ஆனால் மடையிலிருந்து வயலுக்குப் பிரியும் சின்ன வாய்க்கால் பல இடங்களில் பட்டா நிலத்துக்குள்ளேயே ஓடும். ஒவ்வொரு சர்வே எண்ணின் அளவுகளையும் காட்டும் புல வரைபடத்தில் மெல்லிய இரட்டைக் கோடாகத் தெரியும், சில இடங்களில் அதுவும் இருக்காது. வயல் மனையாகும்போது முதலில் மண் தள்ளி மூடப்படுவது அதுதான். சட்டப்படி பார்த்தால் யாரும் புறம்போக்கை ஆக்கிரமிக்கவில்லை. மழைத் தண்ணீருக்குச் சட்டம் தெரியாது, பழைய பள்ளத்தைத் தேடித்தான் வரும். அதனால் முழுமைத் திட்டம் தயாரிப்பவர்கள் புறம்போக்கை மட்டும் நீல நிறம் அடித்துவிட்டு நகர்ந்தால் போதாது. நிலத்தின் மேடு பள்ளத்தை அளந்து, தண்ணீர் உண்மையில் போகும் தடத்தைக் கட்டடம் வராத இடமாகக் குறிக்க வேண்டும்.

நிலத்துக்கு எங்கே போவது?

வரைபடத்தில் அறுபது அடி ரோடு என்று கோடு போடுவது சுலபம். அந்தக் கோட்டுக்கு அடியில் இருக்கும் நிலம் யாரோ ஒருவருடைய சொத்து. கையகப்படுத்த 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி நல்ல இழப்பீடு கொடுக்க வேண்டும். அது நியாயமும்கூட. ஆனால் அவ்வளவு பணம் உள்ளாட்சிகளிடம் இருப்பதில்லை. நகர் ஊரமைப்புச் சட்டத்தில் இன்னொரு பிரிவும் உண்டு. திட்டத்தில் பொதுப் பயன்பாட்டுக்கு ஒதுக்கிய நிலத்தைக் குறித்த மூன்று ஆண்டுக்குள் கையகப்படுத்தும் நடவடிக்கை தொடங்காவிட்டால், அந்த நிலம் ஒதுக்கீட்டிலிருந்து விடுவிக்கப்பட்டதாகக் கருதப்படும். உரிமையாளரைக் காலவரையின்றிக் கட்டிப்போடக் கூடாது என்பதற்காக வைத்த பாதுகாப்பு அது. விளைவு என்னவென்றால், பல திட்டச் சாலைகள் தாளிலேயே காலாவதியாகின்றன.

இதற்கு மாற்றாக நிலத் தொகுப்பு என்று ஒரு முறை இருக்கிறது. குஜராத்தில், குறிப்பாக அகமதாபாத்தில், நகரத்தின் பெரும்பகுதி இப்படித்தான் விரிந்தது. ஒரு பகுதியின் நில உரிமையாளர்கள் எல்லோருடைய நிலத்தையும் தாளில் ஒன்றாகச் சேர்க்கிறார்கள். சேலையைக் கோணல் மாணலாக வெட்டாமல் முழுத்துணியாக விரித்து அளந்து வெட்டுவது போல, ரோடு, பூங்கா, பள்ளிக்கூடத்துக்கு வேண்டியதை முதலில் எடுத்துக்கொண்டு மீதியைச் சதுரமான மனைகளாக அவரவர் பங்குக்கேற்பத் திருப்பித் தருகிறார்கள். ஒவ்வொருவரும் கொஞ்சம் நிலம் இழப்பார்கள். ஆனால் ரோடு இல்லாமல் உள்ளே மாட்டிக்கிடந்த நிலத்துக்கு ரோட்டு முகப்புக் கிடைப்பதால் மதிப்பு கூடும். தமிழ்நாட்டுச் சட்டத்திலும் இதற்கு இடம் செய்யப்பட்டுவிட்டது. மேலூர் சாலையோ திருமங்கலம் சாலையோ, இன்னும் வயலாக இருக்கும் ஒரு பகுதியில் இதை ஒருமுறை நேர்மையாகச் செய்து காட்டினால் போதும், மற்ற கிராமங்கள் தாமாகவே கேட்டு வரும் என்று நான் நம்புகிறேன். சிறு விவசாயியின் பங்கு பெரிய ஆட்களின் பங்கோடு கரைந்துபோகாமல் பார்த்துக்கொள்வதுதான் அதில் மிகக் கடினமான பகுதி.

உங்கள் கையில் இருப்பது

முழுமைத் திட்டம் வெளியாவதற்கு முன் வரைவாக வெளியிடப்படும். ஆட்சேபணையும் ஆலோசனையும் சொல்லப் பொதுமக்களுக்கு வழக்கமாக இரண்டு மாதம் அவகாசம் தருவார்கள். அறிவிப்பு செய்தித்தாளில் சின்ன எழுத்தில் வரும், இணையதளத்தில் வரைபடம் ஏறும். நிலத் தரகர்களும் கட்டுமான நிறுவனங்களும் அந்த இரண்டு மாதத்தைத் தவறவிடுவதில்லை. குடியிருப்பவர்கள்தான் தவறவிடுகிறார்கள்.

வரைவு வந்ததும் உங்கள் ஊரின் கிராம வரைபடத்தையும் புல வரைபடத்தையும் எடுத்து வையுங்கள். பட்டா, புல வரைபடம், நில விவரங்கள் அடங்கிய 'அ' பதிவேடு ஆகியவற்றை வருவாய்த்துறையின் இணையச் சேவையில் சர்வே எண்ணை வைத்தே பார்க்கலாம். உங்கள் பகுதியின் கண்மாய், வாய்க்கால், மந்தை, சுடுகாடு, களம் ஆகியவற்றின் சர்வே எண்களை எழுதிக்கொள்ளுங்கள். வரைவு வரைபடத்தில் அதே எண்களுக்கு என்ன நிறம் இருக்கிறது என்று ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். வாய்க்கால் ஓடும் எண் குடியிருப்பு நிறத்தில் இருந்தால் அதுதான் ஆட்சேபணை. "எங்கள் ஊரைக் காப்பாற்றுங்கள்" என்று பொதுவாக எழுதும் மனுவுக்குப் பொதுவான பதில்தான் வரும். கிராமத்தின் பெயர், சர்வே எண், இப்போது அங்கே என்ன இருக்கிறது, வரைவில் என்ன குறித்திருக்கிறார்கள், எப்படி மாற்ற வேண்டும் என்று ஐந்து வரி எழுதி, வாய்க்காலின் புகைப்படமும் புல வரைபட நகலும் இணைத்துக் கொடுங்கள். நேரில் கொடுத்தால் ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள், தபாலில் என்றால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மழைக்காலத்தில் தண்ணீர் எந்த வழியாக வந்தது என்று தெரிந்த பெரியவர்கள், மடை திறந்துவிட்ட நீர்பாய்ச்சிகள் உங்கள் ஊரில் இன்னும் இருந்தால், அவர்களை அழைத்துக்கொண்டு அந்தத் தடத்தில் நடந்து குறித்துக்கொண்ட பிறகு எழுதுங்கள். புல வரைபடத்தில் விடுபட்ட வாய்க்கால் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.